இறங்கிப் பார்த்த வாரம்

அதிகாலை மணி 4.15. அடுக்குமாடி வீடுகள் எல்லாம் இருளில் உறங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவர் எழுந்துவிடுவார். விளக்கைப் போடாமலே சீருடையை அணிவார். முதல்நாள் இரவு மனைவி எடுத்துவைத்த ரொட்டியைப் பையில் போட்டுக்கொள்வார். பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதே என்று இரும்புக் கதவை மெல்லச் சாத்திவிட்டு, மின்தூக்கியை நோக்கி நடப்பார்.

சிங்கப்பூரில் அவர் பேருந்து ஓட்டத் தொடங்கி 18 ஆண்டுகள் ஆகிவிட்டன. நாள்தோறும் முதல் பேருந்தில் ஏறும் துப்புரவுப் பணியாளர்கள் முதல் பள்ளி மாணவர்கள் வரை எத்தனையோ முகங்கள் அவருக்குப் பழக்கம். சொந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பார்ப்பதுதான் அரிதாக இருந்தது. அவர் பிற்பகலில் வீடு திரும்பும்போது, உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள் இணைப்பாட நடவடிக்கைக்காகப் பள்ளியிலேயே இருப்பாள். தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகன் துணைப்பாட வகுப்புக்குச் சென்றிருப்பான். அவர்கள் வந்து, குளித்து, உண்டு, வீட்டுப்பாடத்தை முடிக்கும் நேரத்தில் தந்தைக்குக் கண் சொருகத் தொடங்கிவிடும். இரவு எட்டரைக்கு அவர் படுத்தாக வேண்டும். தூக்கக் கலக்கத்தோடு பேருந்து ஓட்ட முடியுமா? அவரை நம்பி ஏறுபவை அத்தனையும் உயிர்கள் அல்லவா?

ஆகவே, அந்த வீட்டில் பேச்சு பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில்தான் நடந்தது. ‘கணிதத்தில் 38/50. கையொப்பம் வேண்டும்’ என்று மகள் சிறு தாளில் எழுதி ஒட்டுவாள். ‘போட்டுவிட்டேன். மகிழ்ச்சி’ என்று அதன் கீழே தந்தை எழுதுவார். அதற்கு மேல் பேச இருவருக்கும் நேரம் இருந்ததில்லை.

இதையெல்லாம் ஜூன் விடுமுறையில் ஈடுகட்டிவிட வேண்டும் என்று அவர் எண்ணினார். ஒரு வாரம் விடுப்பு எடுத்தார். குடும்பத்தோடு கேமரன் மலைக்குச் செல்ல ஏற்பாடு செய்தார். மகளுக்குப் பறவைகள் என்றால் உயிர். மலையில் என்னென்ன பறவைகளைப் பார்க்கலாம் என்று அவள் தன் குறிப்பேட்டில் நீண்ட பட்டியலே எழுதி வைத்திருந்தாள்.

புறப்படுவதற்கு மூன்று நாள்களுக்கு முன்பு பாட்டிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. நீண்ட பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சென்ற ஆண்டும் இப்படித்தான் நடந்தது. கிளம்ப இருந்த வாரத்தில் மகனுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து, பயணம் நின்றுபோனது.

தந்தை தயங்கித் தயங்கி மகளிடம் செய்தியைச் சொன்னார்.

“பரவாயில்லை அப்பா. பழகிவிட்டது,” என்றாள் அவள்.

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவர் சமாதானம் சொல்லியிருப்பார். பழகிவிட்டது என்று சொல்லும் பிள்ளையிடம் என்ன சொல்வது? அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை விடுப்பின் முதல் நாள். ஆனாலும், பழக்கதோஷத்தால் 4.15 மணிக்கே அவர் விழித்துக்கொண்டார். சமையலறையில் விளக்கைப் போடாமல் காப்பி கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு பறவை உரக்கக் கூவியது. நிற்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் குரல் முன்னைவிட உயர்ந்துகொண்டே போனது.

மகள் தண்ணீர் குடிக்க வந்தாள். தந்தை அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு கணம் நின்றாள்.

“பாப்பா, நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் இது கத்துகிறதே, என்ன பறவை இது?” என்று கேட்டார் தந்தை.

“கத்தவில்லை அப்பா, கூவுகிறது. அது குயில். ஆண் குயில்.”

“குயிலா? குயில் இனிமையாகப் பாடும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறேன். இது ஊரையே எழுப்பிவிடும் போலிருக்கிறதே!”

மகள் சிரித்துவிட்டாள். குயில் கூடு கட்டாது என்றும், காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிடும் என்றும், காக்கைதான் அந்தக் குஞ்சுக்கு இரை ஊட்டும் என்றும் விளக்கினாள்.

“எங்கள் பேருந்து நிலையத்திலும் ஒரு குயில் இருக்கிறது. பின்பக்கம் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று உண்டு. ஐந்து மணி அடிப்பதற்குள் கூவ ஆரம்பித்துவிடும்,” என்றார் அவர்.

மகள் உள்ளே ஓடிச் சென்று குறிப்பேட்டை எடுத்து வந்தாள். “எந்த மாதத்திலிருந்து கூவுகிறது? ஒன்றா, இரண்டா?” என்று அடுக்கிக்கொண்டே போனாள். தந்தை நினைவுபடுத்திப் பதில் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒன்றை மகள் ஆவலோடு கேட்டு எழுதிக்கொள்வது அதுவே முதல்முறை.

காலை உணவின்போது அவர் ஒரு யோசனை சொன்னார். “மலைக்குத்தான் போக முடியவில்லை. இந்த வாரம் ஒவ்வொரு நாளும் ஒருவர் சொல்வதைச் செய்வோம். இடமாக இருந்தாலும் சரி, விளையாட்டாக இருந்தாலும் சரி. ஆனால், சிங்கப்பூருக்குள்தான் இருக்க வேண்டும்.”

“இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இருக்கிற கரையை நாம் எங்கே சரியாகப் பார்த்தோம்?” என்று பாட்டி ஆமோதித்தார்.

செவ்வாய்க்கிழமை மகனின் முறை. “அப்பா ஓட்டும் பேருந்தில், அப்பாவோடு பயணியாகப் போக வேண்டும்,” என்றான் அவன். மாடிப் பேருந்தின் மேல்தளத்தில், முன்வரிசை இருக்கையில் மூவரும் அமர்ந்தார்கள். எந்த விளக்கு எப்போது சிவப்பாகும், எந்த வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தந்தை சொல்லிக்கொண்டே வந்தார். மகனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அங் மோ கியோ அவென்யூ 1இல் பேருந்து சென்றபோது, “அந்த மரங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது அப்பா?” என்று மகன் கேட்டான்.

“பூங்கா.”

“அதற்குள் என்ன இருக்கிறது?”

தந்தையிடம் பதில் இல்லை. அந்த நிறுத்தத்தில் ஆயிரக்கணக்கான முறை பேருந்தை நிறுத்தியிருக்கிறார். ஒருமுறைகூட அவர் இறங்கியதில்லை. சட்டென்று கையை நீட்டி மணியை அழுத்தினார். “வாருங்கள், இறங்கிப் பார்ப்போம்.”

அது பீஷான்–அங் மோ கியோ பூங்கா. அவர் ஓட்டுநராகச் சேர்ந்த காலத்தில் அதன் ஓரமாக நேர்க்கோடு போட்டதுபோல் ஒரு சிமெண்டுக் கால்வாய் ஓடியது. இப்போது அங்கே கால்வாயைக் காணோம். புல்கரைகளுக்கும் பாறைகளுக்கும் இடையே ஓர் ஆறு வளைந்து நெளிந்து சென்றது. காலாங் ஆற்றின் ஒரு பகுதி அது. 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள இயற்கையான ஆறாக மாற்றி, 2012ஆம் ஆண்டில் பூங்காவைத் திறந்தார்கள். கனமழை பெய்தால் நீர் கரையைத் தாண்டிப் புல்வெளியில் பரவும். மழை நின்றதும் மெல்ல வடியும். நீர் பரவுவதற்கு இடம் கொடுத்ததால், மற்ற நாள்களில் மக்களும் ஆற்றோரம்வரை வர முடிகிறது.

மகன் காலணியைக் கழற்றிவிட்டுப் படிக்கற்களின்மேல் தாவினான். மகள் தொலைநோக்கியால் கொக்கு ஒன்றைக் கவனித்தாள். தந்தை கரையில் உட்கார்ந்து, சாலையில் செல்லும் பேருந்துகளைப் பார்த்தார். அவர் ஓட்டும் அதே தடத்துப் பேருந்துகள். அங்கிருந்து பார்த்தால் இந்த ஆறு தெரியாது. இங்கே உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

புதன்கிழமை காலையிலிருந்தே மழை கொட்டியது. அன்று தந்தையின் முறை. கட்டிலுக்கு அடியில் பல ஆண்டுகளாகக் கிடந்த கேரம் பலகையை வெளியே இழுத்துத் தூசி தட்டினார். இளமையில் அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் நண்பர்களோடு நள்ளிரவுவரை ஆடியவர். காய்கள் மீதி இருந்தன. சிவப்புக் காய் மட்டும் தொலைந்துபோயிருந்தது. பாட்டி தம் தையல் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புப் பொத்தானை எடுத்துக் கொடுத்தார். மாலைவரை ஆட்டம் நடந்தது. கடைசி ஆட்டத்தில் மகள் வென்றாள். “வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தீர்களா?” என்று அவள் சந்தேகத்தோடு கேட்டாள். “இல்லை. உண்மையாகவே தோற்றுவிட்டேன்,” என்றார் அவர். அவள் நம்பவில்லை. ஆனால், அவர் சொன்னது உண்மைதான்.

வியாழக்கிழமை பாட்டியின் முறை. வீக்கம் வடிந்திருந்தது. ஊன்றுகோலின் உதவியோடு சிறிது தூரம் நடக்க முடிந்தது. “பழைய ரயில் பாதையைப் பார்க்க வேண்டும்,” என்றார். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, நால்வரும் மெதுவாக நடந்தார்கள். சாலைக்கு மேலே கறுத்த இரும்புப் பாலம் ஒன்று நின்றது. அதற்கு அப்பால் 1932ஆம் ஆண்டில் கட்டப்பட்ட புக்கிட் தீமா ரயில் நிலையம் இருந்தது. மலாயாவிலிருந்து வந்த ரயில்கள் இந்த வழியாகத்தான் தஞ்சோங் பகார் நிலையத்திற்குச் சென்றன. 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதியோடு அந்தப் போக்குவரத்து நின்றுவிட்டது. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை இன்று மக்கள் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் பயன்படும் பசுமை வழியாக மாறியிருக்கிறது.

அந்தக் காலத்தில் அங்கே ரயில்கள் எப்படி மோதாமல் ஓடின என்பது தந்தையை வியக்க வைத்தது. இரு திசைகளிலும் செல்லும் ரயில்களுக்கு இருந்தது ஒரே பாதை. அடுத்த பகுதிக்குள் நுழைய ஓட்டுநரின் கையில் அதற்குரிய அடையாள வில்லை இருக்க வேண்டும். அது ஒரு வளையத்தில் மாட்டப்பட்டிருக்கும். நிலைய ஊழியர் நடைமேடையில் நின்று அதை நீட்ட, ஓட்டுநர் கையை நீட்டி வாங்கிக்கொள்வார். ஒரு பகுதிக்கு ஒரு வில்லைதான் வெளியே வரும். ஆகவே, எதிரே இன்னொரு ரயில் வராது. “வில்லை கையில் இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம்,” என்று தந்தை தமக்குள் சொல்லிக்கொண்டார்.

பாட்டி நடைமேடை ஓரத்தில் அமர்ந்து, அந்த இரும்புப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கல்யாணம் முடிந்து குளுவாங்கிலிருந்து நான் ரயிலில்தான் வந்தேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். உங்கள் தாத்தாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. குளுவாங் நிலையத்தில் வாங்கிய ரொட்டியை மடியிலேயே வைத்திருந்தார். இந்தப் பாலத்தைத் தாண்டும்போதுதான் அதை நீட்டி, ‘ஊர் வந்துவிட்டது, சாப்பிடு’ என்றார். ரொட்டி காய்ந்துபோயிருந்தது. ஆனால், எனக்குப் பசி,” என்று சொல்லிச் சிரித்தார்.

பேரப்பிள்ளைகளும் சிரித்தார்கள். தந்தை மட்டும் வியப்போடு தாயைப் பார்த்தார்.

“அம்மா, இதை என்னிடம் சொன்னதே இல்லையே!”

“நீ எங்கேடா கேட்டாய்?” என்றார் பாட்டி.

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. இருந்தாலும், அந்தக் கேள்வி மகனின் மனத்தில் தங்கிவிட்டது. ஒரே வீட்டில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் தாயின் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் இருந்தது அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை தாயின் முறை. அவர் ஒரு மருந்தகத்தில் வேலை செய்தார். சனிக்கிழமைக்கு மட்டுமே விடுப்பு கிடைத்திருந்தது. “எனக்கு எந்த இடமும் வேண்டாம். நான் வேலை முடிந்து வரும்போது இரவு உணவு மேசையில் இருந்தால் போதும்,” என்றார். தந்தையும் பிள்ளைகளும் சமைத்தார்கள். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து கட்டளையிட்டார். சாம்பாரில் உப்பு சற்றுக் கூடிவிட்டது. தாய் ஒன்றும் சொல்லாமல் மூன்று குவளை தண்ணீர் குடித்துவிட்டு, “இதைவிட நல்ல சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை,” என்றார்.

சனிக்கிழமை மகளின் முறை. அவள் கேட்டது புலாவ் உபின். பாட்டிக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு மாக்சிக் வந்து உட்கார்ந்துகொண்டார். மற்ற நால்வரும் சாங்கி படகுத்துறைக்குச் சென்றார்கள். அங்கே கால அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். நொடி தவறாமல் பேருந்து ஓட்டிப் பழகிய தந்தை, நீளிருக்கையில் அமர்ந்து ஆள் சேரும்வரை காத்திருந்தார். சற்று நேரம் கழித்துத்தான், தாம் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை என்பதை உணர்ந்தார்.

தீவில் மிதிவண்டிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு செக் ஜாவாவுக்குச் சென்றார்கள். கடல் வற்றியிருந்த நேரம். பலகைப் பாதையின் கீழே சேற்றில் சிறு நண்டுகள் ஓடின. “இந்த இடத்தை மண்ணால் மூடி நிலமாக்கத் திட்டமிட்டிருந்தார்கள். மக்கள் வந்து பார்த்தார்கள். இங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்தார்கள். 2001ஆம் ஆண்டு இறுதியில் அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள்,” என்று மகள் சொன்னாள். யாரோ சிலர் இறங்கிப் பார்த்ததால் ஒரு கடற்கரை பிழைத்திருக்கிறது என்று தந்தை நினைத்தார்.

மகள் தேடி வந்தது இருவாச்சியை. பெரிய மஞ்சள் அலகும் அதன்மேல் இன்னோர் அலகுபோன்ற புடைப்பும் கொண்ட பறவை அது. கண்காணிப்புக் கோபுரத்தின் உச்சியில் நின்று நெடுநேரம் தேடினாள். கிடைக்கவில்லை. முகம் வாடத் தொடங்கியது. திரும்பும் வழியில் தந்தை திடீரென்று மிதிவண்டியை நிறுத்தினார்.

“பாப்பா, இடப்பக்கம். இரண்டாவது மரம். ஏதோ அசைகிறது.”

ஆண்டுக்கணக்காகக் கண்ணாடிகளைப் பார்த்து ஓட்டியவரின் கண்ணுக்கு, ஓரத்தில் நிகழும் சிறு அசைவும் தப்பாது. கிளையில் கறுப்பும் வெள்ளையுமாக ஓர் இருவாச்சி அமர்ந்திருந்தது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அது பறந்து சென்ற பிறகுதான் பேசினாள்.

“இது ஒரு காலத்தில் சிங்கப்பூரிலிருந்தே மறைந்துபோன பறவை அப்பா. 1994இல் இந்தத் தீவில்தான் மறுபடியும் காணப்பட்டது. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். ஒரு சின்ன இடுக்கு மட்டும் இருக்கும். ஆண் பறவை நாள் முழுவதும் அலைந்து பழங்களைக் கொண்டுவந்து அந்த இடுக்கு வழியாக ஊட்டும்.”

“அப்படியானால், அந்த ஆண் பறவை குஞ்சுகளைப் பார்க்கவே முடியாதா?”

“வாசல் திறக்கும்வரை சரியாகப் பார்க்க முடியாது.”

தந்தை வெகுநேரம் பேசவில்லை. மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். மகளும் பக்கத்தில் நடந்தாள்.

“அப்பா, நீங்கள் காலையில் கதவைச் சத்தமில்லாமல் சாத்துவதாக நினைக்கிறீர்கள். எனக்குக் கேட்கும். சாவிச் சத்தமும் கேட்கும். தினமும் விழித்துக்கொள்வேன்.”

“தூக்கம் கெட்டுவிடுகிறதே, முன்பே சொல்லியிருக்கலாமே?”

“கெடவில்லை. மின்தூக்கி வரும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். அப்புறம் தூங்கிவிடுவேன்.”

அவள் அவ்வளவுதான் சொன்னாள். திங்கட்கிழமை விடியலில் அவள் ஏன் விழித்திருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டிலேயே இருந்தார்கள். மகன், அந்த வாரம் இறங்கிய நிறுத்தங்களை எல்லாம் ஒரு பெரிய தாளில் வரைபடமாக வரைந்து வண்ணம் தீட்டினான். தந்தை சீருடையைத் தேய்த்து வைத்தார். மலைப் பறவைகளின் பட்டியல் மகளின் குறிப்பேட்டில் இன்னும் அப்படியே இருந்தது. “அடுத்த ஆண்டு கட்டாயம் போவோம்” என்று சொல்ல அவர் வாயெடுத்தார். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார். மாறாக, தம் பணி அட்டவணையை எடுத்து வந்து மகளிடம் கொடுத்தார். தமக்கு ஓய்வுநாள் எப்போதெல்லாம் வருகிறது என்று காட்டினார். மகள் அவற்றுள் மூன்று நாள்களைத் தேர்ந்தெடுத்து வட்டமிட்டாள்.

மறுநாள் அதிகாலை மணி 4.15. அவர் வழக்கம்போல் எழுந்து கிளம்பினார். இரும்புக் கதவைச் சாத்தும்போது, உள்ளேயிருந்து மகளின் குரல் மெல்லக் கேட்டது.

“பார்த்துப் போய் வாருங்கள் அப்பா.”

அன்று மாலை மகள் வீடு திரும்பியபோது, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் இருந்தது. தந்தையின் பெரிய பெரிய எழுத்துகள்: ‘4.50. பேருந்து நிலையம், தூங்குமூஞ்சி மரம். குயில் ஒன்று. பதில் சொன்ன குயில் இன்னொன்று. ஆக, இரண்டு.’

அவள் அதைக் கவனமாகப் பிரித்தெடுத்தாள். குறிப்பேட்டில் புதிய பக்கத்தைத் திருப்பி, ‘அப்பா பார்த்தவை’ என்று தலைப்பிட்டு, அந்தத் தாளை முதல் வரிசையில் ஒட்டினாள்.